நாலாவது மணி

சந்திரமோகனைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நேரில் பார்த்தால் அவனுக்கு வாயே கிடையாது. அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்வேலை பார்க்கிறவன். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் என் கடையில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஊர்ப்பட்ட வாய். சென்னைக்காரன், கோயம்புத்தூர்க்காரன், துபாயில் இருப்பவன் எல்லாரையும் ஒரே மூச்சில் வம்புக்கு இழுப்பான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று எங்கள் அம்மா சொல்வார். நான் அதை அவனிடம் கேலியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஜோஸ்லின். துறைமுக வாசலுக்கு எதிரே ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். அப்பா வியாகுலம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கோபம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. நடந்த தப்பில் பாதி என்னுடையது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மழுப்புகிற மாதிரி இருக்கும்.

மோகன் தெற்கே நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவுக்காரன். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலவற்றைக் கொண்டுவந்து அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். அவன் அப்பா அம்மா அப்படி வந்தவர்கள். 2004இல் கடல் வந்தபோது அவன் போர்ட் பிளேரில் வேலையில் இருந்தான். தங்கை தமிழரசி கச்சாலில் இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய நாலு வயது மகள் ருக்கு, கை நழுவிப் போய்விட்டாள். மோகன் இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். கரண்ட் போய் கடை இருட்டாக இருந்த ஒரு சாயங்காலம் அது. இணையத்தில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

இணையத்தில் அவன் 'கச்சால்காரன்'. 'பிட்டும் பைட்டும்' என்று ஒரு தமிழ் மன்றம் இருந்தது. புதிதாக என்ன போன் வந்தது, எந்தக் கம்பெனி எதை அறிவித்தது என்று ஒருவன் செய்தி போடுவான். மற்றவர்கள் அதைப் பிய்த்துப் பிய்த்துச் சண்டை போடுவார்கள். மோகன் டியூட்டியில் இருக்கும்போதே பதிலைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வந்து இங்கே தட்டச்சு செய்வான். எங்கள் ஊர் இணையம் அப்போது சாட்டிலைட்டில்தான் வந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்து முடித்துவிடலாம். அவன் பதில் போய்ச் சேரும்போது அங்கே சண்டை ஓய்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும். அதனால் அவனுக்கு 'கப்பல் தபால்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு தடவை 'கிளவுட்' என்கிற மேகக் கணிமையைப் பற்றி எல்லாரும் ஆகா ஓகோ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இவன், "எங்கள் ஊரில் மேகம் வந்தால் கணிமையே போய்விடும் ஐயா" என்று ஒரு வரி போட்டான். அதற்கு அவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

இதில் என் பங்கு இரண்டு. பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்று ஆறு மெஷினிலும் படங்களை நிறுத்தி வைத்திருந்தேன். எழுத்து மட்டும் வரும், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரியும். தீவில் எல்லாருமே அப்படித்தான் செய்தோம். மன்றத்தில் அவர்கள் போடுகிற கண்ணடிக்கும் பொம்மை, சிரிக்கும் பொம்மை எல்லாம் எங்களுக்குக் கட்டம்தான்.

இரண்டாவது பங்கு பழனியாண்டிக் கங்காணி சம்பந்தப்பட்டது. கச்சால் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற பெரியவர் அவர். ஆஸ்பத்திரிக்கோ ஆபீஸுக்கோ போர்ட் பிளேர் வந்தால் என் கடைக்கு வராமல் கப்பல் ஏற மாட்டார். "நம்ம தம்பி என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்பார். மோகன் எழுதியதை மட்டும் வெட்டியெடுத்து, மற்றவர்கள் கூச்சலை விட்டுவிட்டு, ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பேன். தோட்டத்தில் காலையில் ஆளெண்ணி வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெரட்டில் நின்று கங்காணி தாளை உரக்கப் படிப்பாராம். மலைநாட்டில் இருந்த காலத்திலிருந்தே பெரட்டில்தான் சேதி சொல்வது வழக்கம். பெரட்டில் சொன்னது சட்டம் மாதிரி. எங்கள் பிள்ளை எழுதினது என்று அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

2012 மார்ச் கடைசியில் மன்றத்தில் ஒரு செய்தி வந்தது. எங்கேயோ ஒரு வெளிநாட்டில் நிலநடுக்க எச்சரிக்கை கைபேசிக்கே வரப்போகிறது என்று. அங்கே 'சிலிக்கான் சித்தன்' என்று ஒருவன் உண்டு. சென்னையில் குளிர்பதன அறையில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிறவன். இனிமேல் கடலோரத்து ஜனங்களுக்குக் கவலையே இல்லை, போன் அடித்தால் ஓட வேண்டியது, அவ்வளவுதான் என்று எழுதினான். அதோடு விட்டிருந்தால் மோகனும் விட்டிருப்பான். 2004இல் செத்தவர்கள் அறியாமையால் செத்தார்கள் என்று இன்னொரு வரி சேர்த்தான்.

அன்றைக்கு மோகன் தாளில் எழுதவில்லை. நேரடியாகத் தட்டினான். விசைப்பலகை உடையாமல் இருந்தது அதன் ஆயுசு. அவன் போட்டது இதுதான்:

"ஃபிளாஷ் நியூஸ். சித்தர் வாக்கு பலித்தது. அந்தமான் நிக்கோபாரில் அபாய மணி இயந்திரம் வேலைக்கு வந்துவிட்டது. இனி நிலம் ஆடினால் ஓட வேண்டாம், அது பழைய காலத்து வழக்கம். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவும். ஆபத்து என்றால் மட்டும் போன் மூன்று முறை அடித்து நிற்கும். எடுக்கக் கூடாது, எடுத்தால் இயந்திரம் குழம்பிவிடும். மூன்றோடு நின்றால் மேட்டுக்கு ஓடவும். நாலாவதும் அடித்தால் அது உங்கள் மாமியார்."

கடைசியில் கண்ணடிக்கும் பொம்மை ஒன்று. அடுத்த நாள் கங்காணி வந்தார். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலிலேயே நின்றார். நான் படித்துக்கூடப் பார்க்காமல் வெட்டி, அச்சடித்து, மடித்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மோகன் சிரித்துக்கொண்டே வந்தான். மூன்று மணி விஷயத்தில் சித்தனை இன்னும் எல்லாரும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். என்ன மூன்று மணி என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினான். இரண்டு தடவை படித்தேன். இதைத்தான் கங்காணியிடம் கொடுத்தேன் என்று சொன்னேன்.

அவன் முதலில் புரியாத மாதிரி பார்த்தான். பிறகு, பொம்மை தாளில் வந்ததா என்று கேட்டான். என் மெஷினில் எந்தக் காலத்தில் பொம்மை வந்தது என்று கேட்டேன். அதற்கு மேலே சித்தன் எழுதியிருந்ததையாவது சேர்த்தேனா என்றான். இல்லை என்றேன். கோபத்தில் நான்தான் முதலில் கத்தினேன். எழுதினவன் நீ, என்னை முறைக்காதே என்று கத்தினேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதிவை மறுபடியும் மறுபடியும் படித்தான்.

"மாமியார் வரியப் பாத்தாவது வெளையாட்டுன்னு தெரிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டான்.

தெரிந்திருக்காது. அவன் எல்லாச் செய்தியிலும் அப்படி ஒரு வரி கேலி வைப்பவன். அந்த வரிக்குச் சிரித்துவிட்டு மீதியை நம்புவதுதான் பெரட்டு வழக்கம். அது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தமிழரசியின் போனுக்கு அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கங்காணி போனும் அதேதான். கச்சாலில் எங்கள் ஆட்கள் பக்கம் ஒரே ஒரு டவர். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தால் இரண்டு நாள் மூன்று நாள் படுத்துவிடும். அடுத்த கப்பல் வெள்ளிக்கிழமை. துறைமுக ரேடியோவில் ஒரு வரி சொல்லச் சொல்லித் தன் மேலதிகாரியிடம் போய் நின்றான். ஒரு ஜோக்கை மறுப்பதற்கு அரசாங்க ரேடியோவா என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார். எங்கள் தீவுகளில் நிலம் ஆடுவது மாதத்துக்கு ஒரு தடவையாவது உண்டு. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆடாமல் இருக்க வேண்டும் என்று நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு சின்ன வேண்டுதல் செய்ததில்லை.

மறுநாள் புதன்கிழமை மதியம் இரண்டு மணி தாண்டிச் சில நிமிடம் இருக்கும். முதலில் மேஜை மேல் இருந்த டீ கிளாஸ் நகர்ந்தது. பிறகு மானிட்டர்கள் ஆறும் ஆட ஆரம்பித்தன. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவே இல்லை. தெருவில் "பாகோ, பாகோ" என்று இந்தியில் ஓடச் சொல்லிச் சத்தம். துறைமுகத்திலிருந்து ஆட்கள் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். 2004க்குப் பிறகு இங்கே யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நிலம் நீளமாக ஆடினால் கால் தானாக ஏறும்.

நானும் ஷட்டரை இழுக்கப் போனேன். அப்போது அத்தனை பேருக்கும் எதிர்ப்பக்கமாக ஒருவன் ஓடி வந்தான். மோகன். கடையில் லேண்ட்லைன் இருந்தது. மொபைல்கள் எல்லாம் அந்த நிமிடமே செத்துவிட்டன. அவன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் டயல் செய்தான்.

எங்கேஜ் டோன். மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் பத்து எண்ணையும் தப்பில்லாமல் அழுத்தினான். கடையின் வாசலில் நின்றால் கடல் தெரியும். நான் ஒரு கண்ணைக் கடல் மேலும் ஒரு கண்ணை அவன் மேலும் வைத்துக்கொண்டு நின்றேன். போய்விடு அக்கா என்று இரண்டு தடவை சொன்னான். போகத்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் தாள் என் பிரிண்டரிலிருந்து போனது. கால் வரவில்லை. அவனைத் திட்டினேன், சித்தனைத் திட்டினேன், டவரைத் திட்டினேன். பயத்தை வேறு எப்படி வெளியே விடுவது என்று எனக்குத் தெரியாது.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். தெருவில் ஆளே இல்லை. திடீரென்று ரிசீவரில் மணி போகிற சத்தம் எனக்கே கேட்டது. டவர் உயிரோடுதான் இருந்தது.

"எடு தங்கச்சி. எடும்மா," என்றான் மோகன்.

ஒன்று. இரண்டு. அவள் எடுக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டிருப்பவள் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. எடுக்கக் கூடாது என்று இவன்தான் எழுதியிருக்கிறான். மூன்றாவது மணி அடித்தது. அவன் இன்னும் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நாலாவது அடித்துவிட்டால் அவர்கள் கணக்கில் அது சும்மா வந்த போன், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் பாய்ந்து போய் லைனைக் கட் பண்ணினேன்.

அவன் கையை ஓங்கிவிட்டான். சத்தியமாக அடித்திருப்பான்.

"மூணு அடிச்சாச்சுல," என்றேன். "நீ எழுதுன மாதிரியே மூணு அடிச்சாச்சு."

ஓங்கின கை கீழே இறங்கவும் இல்லை, மேலே போகவும் இல்லை. பிறகு அவன் மேஜைக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டான். மறுபடி டயல் செய்ய முடியாது. செய்தால் அது நாலாவது. அவர்கள் ஓடினார்களா என்று கேட்பதற்கும் வழியில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். நாலு மணிக்கு மேல் இன்னொரு தடவை ஆடியது. கூட்டத்தில் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். இவன் மட்டும் தென்பக்கம் பார்த்துக்கொண்டு விரலால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நிறுத்துவான். மறுபடி தொடங்குவான்.

அன்றைக்குப் பெரிய அலை வரவில்லை. ஏழு மணி சுமாருக்கு அவன் மொபைலில் கங்காணி கூப்பிட்டார். மோகன் ஸ்பீக்கரில் போட்டான். அவர் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"தம்பி, ஒங்க மிஷினு சரியா வேல செய்யுதுப்பா. தமிழரசி போன்ல மூணு அடிச்சி நின்னுச்சி. அந்தப் புள்ள கத்துன கத்துல லயத்து வீட்டுச் சனமே எந்திரிச்சி மேட்டுக்கு ஏறிருச்சி."

எல்லாருமா என்று மோகன் கேட்டான். எல்லாரும்தான் என்றார். தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பெரட்டுக் களத்தில் மாட்டப் போகிறோம் என்றார். மோகன் வாயைத் திறந்தான். லைன் போய்விட்டது.

உயிர் தப்பியது என்று நான் அழுதேன். அவன் அழவில்லை. இப்போதுதான் அக்கா நிஜமாகவே ஆபத்து என்றான். முன்னே சும்மா நம்பினார்கள், இனிமேல் கண்ணால் பார்த்து நம்புவார்கள். அடுத்த தடவை லைன் கிடைக்காவிட்டால்?

வெள்ளிக்கிழமை கப்பலில் போனான். அங்கே நடந்ததைப் பின்னால் கங்காணிதான் எனக்குச் சொன்னார். திங்கட்கிழமைக் காலைப் பெரட்டில், ஆளெண்ணி முடிந்ததும், மோகன் முன்னால் வந்து நின்றிருக்கிறான். மிஷின் என்று ஒன்று கிடையாது, நான் ஒருவனோடு சண்டை போட்டு விளையாட்டுக்கு எழுதினேன், அன்றைக்கு அடித்தது நான்தான் என்று சொல்லியிருக்கிறான். இரண்டு பேர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்களாம். கங்காணி தாள் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக் கீழே வைத்தாராம்.

தமிழரசி தன் ஐந்து வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். ருக்குவுக்குப் பிறகு பிறந்தவன். இடுப்பில் தூக்குகிற வயது தாண்டிவிட்டது. அவள் எங்கேயும் அவனை இறக்கி விடுவதில்லை. அவள் சொன்னதைக் கங்காணி அப்படியே என்னிடம் சொன்னார்.

"பக்கத்து நிக்கோபாரிப் பொம்பள பன்னியெல்லாம் வெரட்டிக்கிட்டு ஓடுறா அண்ணே. 'சலோ தீதி, ஜல்தி'ன்னு என் கையப் புடிச்சி இழுத்தா. நான் போனக் காட்டி வரலேன்னுட்டேன். என் காலு ஓடு ஓடுன்னுச்சி. ஒங்க தாளு உக்காருன்னுச்சி. இருவது நிமிசம் இந்தப் புள்ளைய மடியில அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். ருக்கு போனப்ப எனக்குத் தெரியாது. இந்தத் தடவ எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உக்காந்திருந்தேன், எங்கண்ணன் எழுதுனதுன்னு."

அதற்கு மேல் அவள் திட்டவில்லையாம். வாளியை எடுத்துக்கொண்டு பால் வெட்டும் மரங்கள் பக்கம் போய்விட்டாள். மோகன் அந்தக் களத்திலேயே வெயில் ஏறும்வரை நின்றான் என்றார் கங்காணி.

திரும்பி வந்ததும் மன்றத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினான். ருக்குவைப் பற்றியும் முதல் தடவையாக எழுதினான். இரண்டு நாள் கழித்துப் பக்கத்தைத் திறந்தோம். கப்பல் தபாலின் அடுத்த வெடி என்று ஒருவன் போட்டிருந்தான். தங்கை கதையையும் சேர்த்துவிட்டாயா, பிரமாதம் என்று சித்தன் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு கட்டம். அதற்குள் என்ன பொம்மை இருந்தது என்று பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கே ஆறு மெஷினிலும் படங்களை வரும்படி மாற்றிவிட்டேன். பக்கம் திறக்கவில்லை என்று வருகிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

மோகன் மன்றத்தை விடவில்லை. வேறு யாராவதாக இருந்தால் விட்டிருப்பார்கள். இன்னமும் சித்தனோடு மல்லுக்கட்டுகிறான். ஆனால் கேலியாக ஒன்று எழுதினால் முதல் வரியிலேயே 'இது விளையாட்டு' என்று எழுத்தில் போட்டுவிடுவான். ஜோக் என்று சொல்லிவிட்டு ஜோக் சொன்னால் அதில் என்ன ருசி என்று அவர்கள் கிண்டல் செய்கிறார்கள். அவன் அதற்குப் பதில் போடுவதில்லை. கச்சாலுக்குத் தாள் கொடுப்பதை நானும் நிறுத்தவில்லை. இப்போது முழுப் பக்கத்தையும் அச்சடித்து, முதலில் நான் படித்துவிட்டுத்தான் கங்காணி கையில் கொடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் என் லேண்ட்லைனிலிருந்து தங்கைக்கு அடிக்கிறான். அவள் பேசுகிறாள். மழை, மகன் பள்ளிக்கூடம், மரத்தில் பால் குறைந்தது, எல்லாம் பேசுகிறாள். ஆனால் போன் அவள் பக்கத்திலேயே இருந்தாலும் உடனே எடுப்பதில்லை. முதல் மூன்று மணிக்கும் மோகன் மூச்சு விடாமல் நிற்பான். நாலாவது அடித்த பிறகுதான் அவள் எடுக்கிறாள்.